கூப்பன் லாபம் யாருக்கு?

“கூப்பன்” என்ற சொல் நம் தேசத்தில் இரண்டு பிறவி எடுத்திருக்கிறது. முதற் பிறவி இரண்டாவது உலக மகாயுத்த காலத்தில். ஜப்பானியர் பர்மாவைப் பிடித்த பின் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. 1943-ஆம் வருஷத்தில் வங்காளத்துப் பஞ்சம் லட்சக்கணக்கான உயிர்களைக் கொள்ளை கொண்டது. அந்த வருஷத்திலேதான் சென்னைப் பட்டணத்திலும் உணவுப் பங்கீடு அமலுக்கு வந்தது. சீமையிலோ 1940 ஜனவரியில் தொடங்கிய பங்கீடு, யுத்தம் முடிந்து ஒன்பது வருஷம் கழித்து, 1954 ஜூலையில்தான் முற்றிலும் ஒழிந்தது. அந்நாளையப் பங்கீட்டுச் சீட்டு மனிதனைப் பார்த்து ஒரே ஒரு விஷயம் சொல்லிற்று: “உன் பங்கு இவ்வளவு, இதற்கு மேல் கேளாதே.” கண்டிப்பான சீட்டுத்தான், ஆனால் அதில் ஒரு நியாயம் இருந்தது. மாடி வீட்டுக்காரரும் குடிசைக்காரரும் ஒரே வரிசையில் நின்று ஒரே படியால் அளந்து வாங்கினார்கள்.

இரண்டாம் பிறவி நம் கண் முன்னே நடந்துகொண்டிருக்கிறது. இப்போதைய கூப்பன் சிரித்த முகத்துடன் வருகிறது. காலைப் பத்திரிகையின் மடிப்புக்குள்ளிருந்து வழவழப்பான தாளாக விழுகிறது. கடையில் கொடுக்கும் பில்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. நடுப்பகலில் கைபேசியில் மணியடித்துக்கொண்டும் வருகிறது. அது சொல்லும் வார்த்தை, “இன்னும் கொஞ்சம் வாங்கு, வாங்கினால்தான் உனக்குச் சலுகை” என்பது. முதற் பிறவியின் உபதேசத்துக்கு இது நேர் விரோதம். பெயர் ஒன்றாயிருப்பதால் குணமும் ஒன்றாயிருக்கும் என்று குடும்பம் நடத்துகிறவர்கள் நினைத்துவிடலாகாது.

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையில் இந்த இரண்டாம் பிறவிக் கூப்பனுக்கு நல்ல விளைச்சல். உடையவர் அவதரித்த க்ஷேத்திரம் என்று ஆயிரம் வருஷமாகப் பெயர் பெற்ற ஊர், இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹ்யுண்டாய் மோட்டார் உற்பத்தி ஆரம்பித்தது முதல் மோட்டாருக்கும் கண்ணாடிக்கும் கைபேசிக்கும் பேர்போன ஊராகிவிட்டது. ஒரகடத்தில், வண்டலூர் – வாலாஜாபாத் சாலையைச் சிங்கப்பெருமாள் கோயில் சாலை குறுக்கே வெட்டும் இடத்தைச் சுற்றி, லாரியும் மோட்டார் சைக்கிளும் டயரும் இராப்பகலாக உற்பத்தியாகின்றன. வல்லம் வடகாலில் தொழிலாளர் தங்குவதற்காக 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. விடுதியில் இருப்பவர்களுக்குச் சமைக்கும் கவலை இல்லை. நாம் இங்கே பேசுவது இரண்டு அறை வாடகை வீட்டில் அடுப்பு மூட்டிக் குழந்தைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பும் குடும்பங்களைப் பற்றி. மாதம் பிறந்ததும் சம்பளம் வங்கிக் கணக்கில் விழுகிறது. விழுந்த மறுநாளே கூப்பனும் வந்து நிற்கிறது. வியாபாரிகளுக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாதென்று யார் சொன்னார்கள்?

கூப்பன் வியாபாரம் அமெரிக்காவில் பிறந்தது. 1880-களின் கடைசியில் ஆஸா காண்ட்லர் என்பவர் கோக்கோ கோலாவைப் பரப்புவதற்காக, “இதைக் கொண்டு வந்தால் ஒரு கோப்பை இலவசம்” என்று சீட்டு அச்சிட்டுக் கொடுத்தார். அதன் பின் அந்நாட்டில் பத்திரிகையிலிருந்து கூப்பனைக் கத்தரித்துப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போவது குடும்ப ஸ்திரீகளின் வாராந்திர வேலையாகவே ஆயிற்று. இதிலே ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. அச்சிடும் கூப்பன்களில் நூற்றுக்கு இரண்டு மூன்றுகூடக் கடைக்குத் திரும்பி வருவதில்லை. அப்படியிருந்தும் ஏன் அச்சிடுகிறார்கள்? ஒரே சரக்குக்கு இரண்டு விலை வைப்பதற்குத்தான். பொறுமையும் தேவையும் உள்ளவர் கத்தரித்துக் கொண்டு வந்து குறைந்த விலை கொடுக்கிறார். மற்றவர்கள் முழு விலை கொடுக்கிறார்கள். குறைந்த விலையிலும் நஷ்டமில்லாதபடி முழு விலை முன்பே நிர்ணயமாகியிருக்கும். யாரும் தம் பையிலிருந்து எடுத்து நமக்குத் தானம் செய்துவிடவில்லை.

நம் நாட்டில் கத்தரிக்கும் கூப்பன் அவ்வளவாக வேரூன்றவில்லை. காரணம், நமது மளிகை வியாபாரத்தின் பெரும்பகுதி தெருக் கடைகளிலே நடப்பதுதான். ஒவ்வோர் அண்ணாச்சி கடையிலிருந்தும் கூப்பன்களைத் திரட்டிக் கம்பெனிக்கு அனுப்பிப் பணம் வாங்குவது ஆகிற காரியமல்ல. அதனால் கம்பெனிகள் வேறு உபாயம் கண்டுபிடித்தன: சலவைத் தூளோடு பிளாஸ்டிக் வாளி, தேயிலையோடு கரண்டி, பற்பசையோடு பிரஷ். எத்தனையோ வீடுகளின் பரணில் இன்றும் அந்த வாளிகள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கவிழ்ந்து கிடக்கின்றன. பெரிய கடைகளும் கைபேசிக் கடைகளும் வந்த பிறகே நம் பக்கத்தில் உண்மையான கூப்பன் தலைகாட்டியது.

இந்தக் கூப்பனின் யோக்கியதையை அளப்பதற்குப் பெரிய பொருளாதார சாஸ்திரம் வேண்டியதில்லை. நம் மாகாணத்து எட்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் “வாழ்வியல் கணிதம்” என்றொரு பாடம் இருக்கிறது. சதவீதம், லாப நஷ்டம், தள்ளுபடி எல்லாம் அதில் அடக்கம். அந்தப் பாடம் நடத்துகிற வாரத்தில் நாம் மாணவ மாணவிகளைத் தங்கள் வீட்டுக்கு வந்த கூப்பன்களையும் விளம்பரத் தாள்களையும் கொண்டுவரச் சொல்வது வழக்கம். புத்தகத்தில் உள்ள கணக்கில் வரும் வியாபாரி யாரோ ஒருவர். தாளில் உள்ள கடையோ அவர்கள் தினமும் தாண்டிப் போகிற கடை. அதனால் தூங்குகிற பையன்கூட எழுந்து உட்காருவான்.

ஒரு சமயம் ஒரு சிறுமி கொண்டுவந்த தாளில் இப்படி இருந்தது: இந்த மாதம் 999 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் 100 ரூபாய்க் கூப்பன், அதை அடுத்த மாதம் 1,000 ரூபாய்க்கு வாங்கும்போது கழித்துக்கொள்ளலாம். வகுப்பை நோக்கி, “எத்தனை சதவீதத் தள்ளுபடி?” என்று கேட்டோம். முக்கால்வாசிப் பேர், “பத்து, சார்!” என்றார்கள். கரும்பலகையில் எழுதிக் காட்டிய பிறகுதான், இரண்டு மாதத்துக்கும் சேர்த்து 1,999 ரூபாய்ச் சாமானுக்கு 100 ரூபாய், அதாவது ஐந்து சதவீதமே என்று புரிந்தது. அந்தச் சிறுமிக்கு மாத்திரம் திருப்தி ஏற்படவில்லை. “எங்கள் அம்மா நூறு ரூபாய் லாபம் என்று சொன்னார்களே, சார்?” என்றாள்.

“வழக்கமாக உங்கள் வீட்டில் மாதத்துக்கு எவ்வளவுக்கு மளிகை வாங்குவீர்கள், அம்மா?” என்று கேட்டோம்.

“எண்ணூற்றிருபது ரூபாய், சார். ரேஷன் போக.”

பிறகு அவளே கணக்குப் போட்டாள். முதல் மாதம் 999-ஐ எட்டுவதற்காக அதிகப்படியாக 179 ரூபாய்ச் சாமான். இரண்டாம் மாதம் ஆயிரத்தை எட்டுவதற்காக 180. ஆக 359 ரூபாய்ச் சாமான் அதிகம். வழக்கம்போல வாங்கியிருந்தால் இரண்டு மாதத்துக்கும் 1,640 ரூபாய் போயிருக்கும். கூப்பன் கழித்துக் கொடுத்தது 1,899. கையிலிருந்து அதிகமாகப் போனது 259. அந்த 359 ரூபாய்க்கு என்ன வாங்கினார்கள்? சோப்பும் சலவைத் தூளும் 160 ரூபாய்க்கு. மற்ற 199 ரூபாய்க்கு பிஸ்கோத்தும் நூடுல்ஸும் சோடா பானமும். சோப்பு கெட்டுப்போகிற வஸ்துவல்ல. எப்படியும் வாங்க வேண்டியதுதான். அது நியாயமான வரவு. எஞ்சியது இல்லாவிட்டாலும் குடும்பம் நடந்திருக்கும். 259 ரூபாய் கொடுத்து 160 ரூபாய்க்கு உபயோகமான சாமான்! நூறு ரூபாய் லாபம் என்று வீட்டுக்கு வந்த கூப்பன் 99 ரூபாய் நஷ்டமாக முடிந்தது.

வகுப்பு சிரித்தது. சிறுமி சிரிக்கவில்லை. சற்று யோசித்து, “அதனால்தான் அந்த மாதக் கடைசியில் பாலுக்கு அண்ணாச்சி கடையில் கடன் சொன்னோமா, சார்?” என்று கேட்டாள். அவள் தகப்பனார் ஒப்பந்தத் தொழிலாளி. ஓவர்டைம் இருக்கிற மாதம் ஒரு வருமானம், இல்லாத மாதம் ஒரு வருமானம். அந்தக் கேள்விக்குப் பிறகு வகுப்பிலும் சிரிப்புச் சத்தம் இல்லை. மணி அடிக்கும் வரையில் மற்றவர்களுடைய தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக் கொண்டிருந்தோம்.

அந்தத் தாயாரைக் குறை சொல்லுவதற்காக நாம் இதை எழுதவில்லை. நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டுமென்ற எண்ணம் நல்ல எண்ணந்தான். அந்த நல்ல எண்ணத்தைத்தான் கூப்பன் தூண்டிலில் புழுவாகக் கோத்துவிடுகிறது. கூப்பனால் நிச்சயமாக லாபம் அடையும் குடும்பங்களும் உண்டு. ஏழெட்டுப் பேர் கொண்ட வீடு; மாதம் எப்படியும் மூவாயிரம் ரூபாய்க்கு மளிகை வாங்குகிற வீடு; வீட்டிலேயே பட்டியல் எழுதிக்கொண்டு போய், பட்டியலுக்கு வெளியே கண்ணையும் கையையும் ஓட விடாத வீடு. அப்படிப்பட்டவர்கள் கூப்பனைத் தாராளமாகக் கத்தரிக்கட்டும். பட்டியல் எழுதும் வரையில் கூப்பனைப் பார்க்கக் கூடாது. பட்டியல் எழுதி முடித்த பிறகு அதற்குத் தோதான கூப்பன் உண்டா என்று தேட வேண்டும். இந்த வரிசை முறை பிசகினால் பட்டியலைக் கடைக்காரர் எழுதுகிறார் என்று அர்த்தம்.

கூப்பன் இல்லாமலே ஒரு பெரிய உபகாரம் ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் அச்சாகியிருக்கிறது, படிப்பவர்கள்தான் குறைவு. முன்னெல்லாம் பிஸ்கோத்து, தேயிலை முதலிய பல சாமான்களை இன்ன இன்ன எடையில்தான் கட்டி விற்கலாம் என்று சர்க்கார் அட்டவணை போட்டிருந்தது. 2021 நவம்பரில் செய்த திருத்தத்தில் அந்த அட்டவணை எடுபட்டது. இனி எந்த எடையிலும் பொட்டலம் கட்டலாம். ஆனால் அலகு விலையைப் போட வேண்டும் என்று விதித்தார்கள். அதாவது ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலமானால் ஒரு கிராமுக்கு என்ன விலை, கூடுதலானால் ஒரு கிலோவுக்கு என்ன விலை என்று அதிகபட்ச சில்லறை விலையோடு சேர்த்து அச்சிட வேண்டும். எழுத்துச் சின்னது, மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போவது உசிதம். 250 கிராம் தேயிலை 125 ரூபாய். 500 கிராம் 260 ரூபாய், அதன் மேல் “பெரிய பொட்டலச் சலுகை” என்று சிவப்பு எழுத்து. கிராமுக்குப் பார்த்தால் சின்னது 50 காசு, பெரியது 52 காசு. இப்படிப்பட்ட வேடிக்கைகள் கடை அலமாரியில் தாராளமாக அகப்படும். ஐந்து ரூபாய்ப் பொட்டலம் என்றைக்கும் ஐந்து ரூபாயாகவே இருப்பதன் ரகசியமும் அந்தச் சின்ன எழுத்திலேதான் இருக்கிறது. விலை ஏறாமல் எடை இளைத்துக்கொண்டே வரும். 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி முதல் சோப்பு, பிஸ்கோத்து முதலியவற்றின் மீது ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியபோது, பழைய பொட்டலத்தின் அலகு விலையைக் குறித்து வைத்திருந்தவர்களுக்குத்தான் குறைந்தது தம் கைக்கு வந்ததா என்று தெரிந்திருக்கும்.

கைபேசிக் கூப்பன் இன்னும் சாமர்த்தியசாலி. “பத்து நிமிஷத்தில் இந்தச் சலுகை முடிகிறது” என்று ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடும். மறுநாள் பார்த்தால் அதே சலுகை, அதே கடிகாரம். கேளாமலே ஒரு சாமான் கூடையில் ஏறியிருக்கும். இப்படிப்பட்ட தந்திரங்களில் 13 வகையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவை கூடாதென்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் நெறிமுறை வெளியிட்டது. பொய்யான அவசரம் காட்டுவதும், கூடையில் சாமானை நுழைப்பதும் அந்த ஜாபிதாவில் உண்டு. அதே வருஷத்தில், பில் போடும்போது வாடிக்கைக்காரரின் கைபேசி எண்ணைக் கட்டாயப்படுத்திக் கேட்கக் கூடாதென்றும் மத்திய சர்க்கார் கடைக்காரர்களுக்கு அறிவுறுத்தியது. எண் கேட்டால், “வேண்டாம், பில்லை மட்டும் கொடுங்கள்” என்று சொல்ல நமக்குப் பாத்தியதை உண்டு. சொல்லக் கூச்சப்படுகிறவர்களே அதிகம். முறையீடு இருந்தால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம்.

கம்பெனி உத்தியோகஸ்தர்களுக்குக் கிடைக்கும் உணவுக் கூப்பனைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 1962-ஆம் வருஷத்திய வருமான வரி விதிகள் இந்தச் சீட்டுக்கு ஒரு வேளைக்கு 50 ரூபாய் வரை வரி விலக்கு அளித்து வந்தன. காகிதப் புத்தகமாக இருந்தது அட்டையாக மாறிவிட்டது. பலர் இதைச் சம்பளத்துக்கு மேற்பட்ட இனாமாகப் பாவித்து, “கூப்பன் பணந்தானே!” என்று சாக்லெட்டும் ஐஸ்கிரீமும் வாங்கிவிடுகிறார்கள். அது இனாமல்ல, வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்த சம்பளம். ஒரு வித்தியாசம், அது எல்லாக் கடையிலும் செல்லாது. செல்லும் கடையில் விலை அதிகமானால் வரியில் மிச்சமானது பருப்பில் போய்விடும். கூலியை நாணயமாகக் கொடுக்காமல் தங்கள் கடைச் சீட்டாகக் கொடுத்து முதலாளிகள் தொழிலாளரைக் கட்டிப் போட்டதனால்தான் இங்கிலாந்தில் 1831-இல் அதற்குத் தடைச் சட்டம் செய்தார்கள். நம் நாட்டிலும் 1936-ஆம் வருஷத்துச் சம்பளச் சட்டம், செலாவணியிலுள்ள பணமாகவே கொடுக்க வேண்டுமென்று விதித்தது. எங்கும் செல்லும் ஒரு ரூபாய்க்கும் ஓரிடத்தில் மட்டும் செல்லும் ஒரு ரூபாய்க்கும் எப்போதும் ஒரு வட்டம் உண்டு.

இனி, நமது ஜில்லாவில் எல்லாருடைய வீட்டிலும் இருந்தும் பலர் கூப்பன் என்றே நினைக்காத ஒரு கூப்பனுக்கு வருவோம். குடும்ப அட்டையைத்தான் சொல்கிறோம். யுத்த காலத்துச் சீட்டின் நேர் வாரிசு அது. ராஜாஜி முதல் மந்திரியாக இருந்தபோது 1952 ஜூனில் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். ஆனால் பங்கீட்டுக் கடை என்ற எண்ணம் சாகவில்லை. 1997-இல் மத்திய சர்க்கார் பங்கீட்டை வறுமைக் கோட்டை அளவாக வைத்துப் பிரித்தபோதும், தமிழ்நாடு எல்லாக் குடும்பங்களுக்கும் என்ற கொள்கையை விடவில்லை. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. 2007-இல் ஆரம்பித்த விசேஷத் திட்டத்தின்படி துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியில் இரண்டுமே நூறு ரூபாய்க்குக் குறையாமல் விற்கின்றன. நூறு என்றே வைத்துக்கொண்டாலும் பருப்பில் 70, எண்ணெயில் 75, ஆக 145 ரூபாய் மாதா மாதம் மிச்சம். அரிசியும் சர்க்கரையும் இந்தக் கணக்கில் சேரவில்லை. இந்தக் கூப்பன் 999 ரூபாய்க்கு வேறு எதையாவது வாங்கு என்று நிர்ப்பந்திப்பதில்லை. அந்தச் சிறுமியின் வீட்டுக் கணக்கில் “ரேஷன் போக” என்ற இரண்டு வார்த்தை இருந்ததே, அந்த வார்த்தைகள் இல்லாவிட்டால் அவர்கள் கடன் பாலோடு நின்றிருக்காது.

ஆனால் அட்டை இருந்தும் பயனடையாத குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வேலைக்கு வந்து சுங்குவார்சத்திரத்திலும் படப்பையிலும் குடியிருப்பவர்கள், “அட்டை ஊரில் இருக்கிறதே!” என்கிறார்கள். 2020 அக்டோபர் முதல் விரல் ரேகை வைத்து மாநிலத்துக்குள் எந்த நியாய விலைக் கடையிலும் வாங்கிக்கொள்ள வழி செய்யப்பட்டிருக்கிறது. ஊரில் கிழவியம்மாள் அந்த அட்டையில் வாங்கிச் சாப்பிடுகிறாள் என்றால் அது வேறு விஷயம். ஓர் அட்டைக்கு ஒரு பங்குதான். அப்படியில்லாமல் பெட்டியில் அட்டை தூங்க, இங்கே முழு விலைக்குப் பருப்பு வாங்குவது என்ன நியாயம்? பிகாரிலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் வந்திருக்கும் தொழிலாளரும், ஒரே தேசம் ஒரே அட்டைத் திட்டத்தில், தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தங்களுக்குள்ள தானியத்தை இங்கேயே பெறலாம். தமிழ்நாடு அதில் சேர்ந்ததும் அந்த அக்டோபரிலேதான். அடுத்த வீட்டு வடநாட்டு இளைஞருக்கு இதை எடுத்துச் சொல்வது நமக்குச் செலவில்லாத உபகாரம்.

படித்த குடும்பங்களில் வேறொரு நோய் இருக்கிறது. “ரேஷன் அரிசியா! எங்கள் வீட்டிலா!” என்று முகம் சுளிப்பது. அப்படிச் சுளிப்பவர்களில் சிலர் அட்டையை மாத்திரம் விடுவதில்லை. அரிசியை வாங்கி வேலைக்காரிக்குக் கொடுத்ததாகச் சொல்கிறார்கள், அல்லது வாங்காமலே விட்டுவிடுகிறார்கள். வாங்காத அரிசி எந்த மூட்டையில் ஏறி எந்த எல்லையைத் தாண்டுகிறது என்பது பத்திரிகை படிக்கிற எல்லாருக்கும் தெரியும். வருஷத்துக்குப் பதினாயிரம் கோடி ரூபாய் அளவில் பொதுப் பணம் இதில் போகிறது. வேண்டுமானால் வெட்கமில்லாமல் வரிசையில் நின்று வாங்க வேண்டும். நன்றாயில்லாத அரிசியானால் நன்றாயில்லை என்று கடையிலேயே சொல்ல வேண்டும். படித்தவர்கள் நாலு பேர் வரிசையில் நின்றால் அரிசியும் சற்று நன்றாகும் என்பது நமது அபிப்பிராயம். வேண்டாமானால் சர்க்கரை அட்டையாகவோ, பொருள் இல்லா அட்டையாகவோ மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

ரேஷனுக்குப் போக மீதியுள்ள மளிகைக்கு என்ன செய்வது? இங்கேதான் நம் முன்னோர் கண்ட ஒரு வழியை நாம் மறந்துவிட்டோம். 1844 டிசம்பரில் இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 28 பேர், அவர்களில் பலர் நெசவாளிகள், தாங்களே ஒரு கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவர்த்தி என்று நாலைந்து சாமான்களே சரக்கு. கடைத்தெரு விலைக்கே விற்பார்கள். லாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்குத் தக்கபடி அவரவருக்கே பிரித்துக் கொடுப்பார்கள். இதுவும் ஒருவிதக் கூப்பன்தான்! ஆனால் கூப்பனை அச்சிட்டவரும் கத்தரித்தவரும் ஒரே ஆள். அறுபது வருஷம் கழித்து, 1904-இல், அதே முறையில் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. டி.யு.சி.எஸ். என்று சென்னைவாசிகள் எல்லாரும் அறிந்த பெயர். அதை ஸ்தாபித்தவர்களில் ஒருவர் வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார்; அப்போது அவர் திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூல் தலைமையாசிரியர். உபாத்தியாயர்களுக்கு அரிசி பருப்பு விலையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கிறவர்களுக்கு இது பதிலாக இருக்கட்டும். இன்று நம் பக்கத்துப் பெரிய தொழிற்சாலைகளில் ஒரே ஷிப்டில் இருக்கும் தொழிலாளர் தொகை, திருவல்லிக்கேணியில் அன்று சங்கம் தொடங்கிய உறுப்பினர் தொகையைப் போல் எத்தனையோ மடங்கு.

ராச்டேல் நெசவாளிகளின் விதிகளில் ஒன்று மட்டும் நம் குடும்பங்களுக்குக் கசக்கும்: கடன் கிடையாது, ரொக்கந்தான். கூப்பன் கடையிலும் அதே விதிதான். ஆனால் அதை அவர்கள் தாளில் அச்சிடுவதில்லை. அண்ணாச்சி கடைக்கும் பெரிய கடைக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் இருக்கிறது. அண்ணாச்சி தள்ளுபடி தருவதில்லை. கிலோவுக்கு இரண்டொரு ரூபாய் கூடவும் இருக்கும். ஆனால் கணக்கு நோட்டில் பெயரை எழுதிக்கொண்டு, சம்பளம் வரும் வரையில் பொறுத்துக்கொள்கிறார். ஸ்ரீபெரும்புதூரில் 2014 நவம்பர் முதல் தேதி நோக்கியா கைபேசித் தொழிற்சாலை நின்றுபோனதை இந்தப் பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். ஆயிரக்கணக்கான இளைஞருக்கு வேலை போயிற்று. அப்படிப்பட்ட மாதத்தில் எந்தக் கூப்பன் அடுப்பெரிக்கும்? கையில் பணம் உள்ள மாதமெல்லாம் சலுகைக் கடைக்குப் போய்விட்டு, இல்லாத மாதம் மட்டும் நோட்டை நீட்டுகிற வாடிக்கைக்காரருக்கு அண்ணாச்சி எத்தனை நாள் எழுதிக்கொள்வார்? ஆகையால் ரொக்கமாக வாங்கும் மாதத்தில் கனமான சாமான்களைக் கூட்டுறவுப் பண்டகசாலையிலோ பெரிய கடையிலோ அலகு விலை பார்த்து வாங்கினாலும், அன்றாடச் சாமானை நோட்டுள்ள கடையிலேயே வாங்கி, மாதம் பிறந்ததும் முதல் பாக்கியாக அதைத் தீர்ப்பதே நாம் சொல்லக்கூடிய யோசனை. கடைக்கார நோட்டுக்கு ஜோடியாக வீட்டிலும் ஒரு நோட்டு இருக்கட்டும். எழுதுகிற வேலையைக் குழந்தைகளிடம் விட்டால் கணக்கும் வரும், கடையும் தெரியும்.

நாம் மேலே சொன்ன பாமாயிலைப் பற்றி, “அதை உடம்புக்கு ஆகாதென்கிறார்களே, செக்கு எண்ணெய் வாங்கக் கட்டுமா?” என்று சில சகோதரிகள் கேட்கக் கூடும். எண்ணெய் விஷயம் இரண்டு பத்தியில் முடிகிற காரியமல்ல. அடுத்த வாரம் அதையே எடுத்துக்கொள்வோம். அதற்குள் நேயர்கள் தங்கள் வீட்டில் மாதத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் செலவாகிறது, தலைக்கு எவ்வளவு விழுகிறது என்று ஒரு துண்டுத் தாளில் குறித்து வைத்திருந்தால் சௌகரியமாயிருக்கும்.